கண்ணாடி ஜன்னலோரத்துக் கருவி

குளிர்பான ஆலைக்குப் புதிதாக ஒரு கருவி வந்தது. குழாயைக் கவ்விக்கொண்டு, காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பும். சர்க்கரை கூடினால் ஒலி வேகமாக ஓடும், குறைந்தால் தளரும். அந்த ஓட்டத்தை வைத்தே எவ்வளவு இனிப்பு என்று திரையில் சொல்லிவிடும். மேலாளர் ரிப்பன் வெட்டி, இனி நாக்கும் வேண்டாம் ஆளும் வேண்டாம் என்று முக்கால் மணி நேரம் முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள், ஆள் வேண்டாம் என்றதற்கும் சேர்த்து.

பொருத்த வந்தவர் மட்டும் தலையைச் சொறிந்தார். "கேஸ் ஏத்தறதுக்கு முன்னாடி மாட்டணும் சார். குமிழி வந்துட்டா சத்தம் தடுமாறும், கம்மியா காட்டும்."

"அந்த இருட்டு மூலையில மாட்டினா யார் பார்ப்பா? விருந்தாளிங்க நிக்கறது இந்தக் கண்ணாடி ஜன்னல்கிட்ட. இங்கயே மாட்டுங்க."

மாட்டினார்கள்.

பரிசோதனைக்கூடத்து அக்கா அன்றே தானும் இனிப்பை அளந்து பார்த்தாள். பதினாறு வருஷமாக அவள் பானத்தை டம்ளருக்கு டம்ளர் மாற்றி, நுரை சாகும்வரை ஆற்றி, ஒரு சொட்டைக் கைக்கருவியின் கண்ணாடியில் விட்டுப் பார்ப்பவள். சர்க்கரை நூற்றுக்குப் பதினொன்று காட்ட வேண்டும். காட்டியது பதிமூன்று. திரையிலோ அச்சாகப் பதினொன்று. முதலில் திரை ஒன்பது என்று அழுததால், பாகு கலக்குகிறவன் கூடுதலாக விட்டிருந்தான். திரை சொன்னபடி செய் என்பதுதான் அவனுக்கு உத்தரவு. அவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. யார் யார் காலையோ பிடித்து அவனை அங்கே சேர்த்துவிட்டவள் அவள்தான்.

"என்னக்கா, உதடே ஒட்டுது! மெஷினுக்கு நாக்கு செத்துப்போச்சா?" என்று சிரித்தான்.

அவள் மேலாளரிடம் ஓடினாள்.

"அவ்வளவு பெரிய மெஷின் பொய் சொல்லுது, உன் சொட்டுக் கண்ணாடி நிஜம் சொல்லுதா? நாளைக்குப் பெரியவங்க வர்றாங்க. ரெண்டு நம்பர் இருக்கக் கூடாது. திரையில இருக்கறதையே எழுதும்மா."

பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்தே நாளில், தித்திப்பு அதிகம் என்று சரக்கு திரும்பி வந்தது. விசாரணைக்கும் மேலாளரே தலைவர். கருவியில் பதினொன்று, ஏட்டில் பதினொன்று, பாட்டிலில் பதிமூன்று. ஆகவே கலக்குகிறவன் தன்னிஷ்டத்துக்குப் பாகை ஊற்றிவிட்டான் என்று கண்டுபிடித்தார்.

"திரை ஒன்பதுன்னு காட்டுச்சு சார், அதான் ஊத்தினேன். அக்காவையே கேளுங்க" என்றான் தம்பி.

"நீ சொல்லும்மா. பார்த்தது எவ்வளவு?"

பதிமூன்று என்றால் ஏட்டில் பொய் எழுதியவள் ஆவாள், அன்றே வெளியே. வீட்டில் எழுந்து நடக்க முடியாத கணவன். அவள் சம்பளம் ஒன்றுதான் வரவு.

"எழுதினதுதான் சார்."

தம்பி அவள் பக்கம் திரும்பவில்லை. "அக்கா பொய் எழுத மாட்டா சார். என் கைதான் தப்பு" என்றான். அன்று மாலையே அவன் வேலை போயிற்று.

இரண்டு வாரம் கழித்து, ரிப்பன் இல்லாமல், கருவியைக் கழற்றி கேஸ் ஏற்றும் இடத்துக்கு முன்னால் மாட்டினார்கள். அவள் கண்ணாடியும் திரையும் புள்ளி பிசகாமல் ஒத்துப்போயின. தம்பிக்குப் போன் போட்டாள்.

"மெஷினை இடம் மாத்திட்டாங்கடா. இப்பவாவது நான் போய்ச் சொல்லிடறேன்."

"யாருகிட்ட? மாத்தச் சொன்னவருகிட்டயா?"

அவள் ஏட்டை எடுத்து, தான் பதினொன்று என்று எழுதிய பக்கத்தைப் புரட்டினாள்.

"வேணாம்க்கா. மாமாவை யார் பார்க்கறது? வச்சிடு."

அவனே வைத்துவிட்டான். அவள் சொல்லப் போகவில்லை.