நாலாவது பாட்டின் கடைசிக் கத்தல்

எங்கள் ஆல்பத்தில் டிரம் சத்தம் பிளாஸ்டிக் வாளியைத் தட்டுவது மாதிரி இருக்கிறது என்று இணையத்தில் ஒருவன் எழுதியிருந்தான். அதைப் படித்துச் சிரித்தேன். சிரிப்பு என்றால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. தொண்டையில் புற்றுநோய், ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக மூச்சு விடுகிறேன். பேச வேண்டுமென்றால் எழுதி அழிக்கிற ஒரு வெள்ளைப் பலகை. அம்மா வாங்கி வந்தது, ஓரத்தில் வாத்துப் படம் போட்டிருக்கும். முப்பது வயது ஆளுக்கு வாத்து.

எங்கள் பேண்டு மெலடிக் மெட்டல்கோர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவன் அடிவயிற்றிலிருந்து கத்துவான், இன்னொருவன் தேனாகப் பாடுவான், நடுவில் கிட்டார் அழும், டிரம் எல்லோரையும் போட்டு மிதிக்கும். கத்துவது நான். அதனாலேயே எனக்குச் சங்கு என்று பேர். தேனாகப் பாடுவது கிட்டார் வாசிக்கும் நண்பன். அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவோம், இன்னும் பெண் கிடைத்தபாடில்லை. பேஸ் கிட்டார் என் தங்கச்சி. டிரம்மர் பகலில் எலக்ட்ரீஷியன். பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி முடிப்பதும் அவன்தான். நான் கார் ஒர்க்‌ஷாப்பில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன். பெயிண்ட் புகையா, சிகரெட்டா, என் தலையெழுத்தா என்று டாக்டர் சொல்லவில்லை. கத்தியதால் வந்ததில்லை என்று மட்டும் அடித்துச் சொன்னார். அம்மா நம்பவில்லை.

எங்கள் முதல் ஆல்பம் வெளியானபோது ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் கேட்கவில்லை. இனி வராத குரலைக் கேட்டு என்ன செய்ய? ஆனால் கேட்டவர்கள் எழுதியதை மட்டும் விடாமல் படித்தேன். புண்ணைச் சொறிகிற சுகம்தான், வேறென்ன.

"கிட்டார் மெலடி அருமை. ஆனா கோரஸ் எல்லாம் ஒரே அச்சு." சரி. "இது பத்து வருஷம் முன்னாடி வந்திருக்க வேண்டிய ஆல்பம்." நாங்கள் பத்து வருடமாக இதைத்தானே செய்துகொண்டிருந்தோம், மடையா. "கத்துறவர் சுமார். மூச்சு பத்தல." அது எங்கே பத்தும். அப்போதே உள்ளே கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

அதற்குக் கீழே எல்லோரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள். "நாலாவது பாட்டு. கடைசியில ஒரு கத்தல் வருது பாருங்க. பஸ்ல கேட்டேன், எறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டேன்." "மத்த பாட்டுல சும்மா கத்துறாரு, இதுல உசுரு போகுது." "அப்பா செத்தப்ப நான் அழல. இதக் கேட்டு அழுதேன். யாருங்க நீங்க?"

யாருங்க நீங்க. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவமானமாக இருக்கிறது சொல்ல, ஆனால் அந்த வாரம் முழுவதும் அதைச் சோறு மாதிரி தின்றுதான் உயிரோடு இருந்தேன். போகட்டும், குரல் போகட்டும், இது ஒன்று நின்றுவிட்டதே என்று நினைத்தேன். அப்புறம்தான் துணிந்து ஹெட்போனை மாட்டி, நாலாவது பாட்டைப் போட்டேன்.

அது நான் இல்லை.

அந்தக் கடைசி வரி நீளமானது. ஒரே மூச்சில் அதை என்னால் ஒருநாளும் முடிக்க முடிந்ததில்லை. கடைசிச் சொல்லுக்கு முன்னால் திருட்டுத்தனமாக ஒரு மூச்சு இழுத்துக்கொள்வேன். ஹெட்போனில் அந்த மூச்சு இல்லை. தொடங்கியது, ஏறியது, ஏறிக்கொண்டே போய் முடிந்தது. என்னைப் போலவே கத்தியது, என்னைவிட நன்றாகக் கத்தியது. தங்கச்சி.

நடந்தது உடனே புரிந்துவிட்டது. பதிவு செய்தது எங்கள் வீட்டில், துணி அலமாரியைத் திறந்து வைத்து, சுற்றிலும் போர்வை கட்டி. நாலாவது பாட்டின் முடிவில் எனக்கு இருமல் வந்து கெட்டுப்போனது. நாளைக்கு மறுபடி எடுக்கலாம் என்றேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவன்தான். இருமல் இல்லாமல் வாசித்துப் பார்க்க மாப்பிள்ளைக்கு ஒரு கைடு தேவைப்பட்டிருக்கும். கைடு என்றால் மற்றவர்கள் காதில் ஓடுவதற்காகச் சும்மா பதிந்து வைக்கிற குரல், வேலை முடிந்ததும் தூக்கிப் போட வேண்டியது. தங்கச்சிக்கு என்னை மாதிரி கத்திக் கிண்டல் செய்வது சின்ன வயதிலிருந்தே பழக்கம். அவள் கத்திக் கொடுத்திருக்கிறாள். எது கடைசியாகப் பதிவானதோ அதுதான் சரியானது என்பது டிரம்மரின் வேதம். அவன் அதையே என் குரல் என்று நினைத்து எடுத்துக்கொண்டு, முந்தையதை ஊமையாக்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் என் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். டிரம்மர் மடியில் லேப்டாப். ஒரு பெரிய மேடையில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"வரலன்னு சொல்லிட்டோம்டா," என்றான் மாப்பிள்ளை. "நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். பேண்டு இத்தோட போதும்."

ஏன் என்று பலகையில் எழுதினேன்.

"அந்தக் கத்தல எவன் கத்துவான், சொல்லு? ஜனங்க அதுக்காகத்தான் கூப்பிடுறாங்க. வேற ஒருத்தன நிக்க வச்சா உனக்குச் செய்யிற துரோகம்."

தங்கச்சி மருந்துக்கடை கவுண்டரில் நின்று நின்று கால் வீங்கி வருகிறவள். வீங்கிய காலோடு வந்து பேஸை எடுத்தால்தான் அவள் முகத்தில் ரத்தம் ஓடும். அந்த பேஸை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடி, கதவோரம் சாத்தி வைத்திருந்தாள்.

நான் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது ஒன்றுதான் இப்போது எனக்கு நன்றாக வருகிறது. பேண்டு என் பேரைச் சொல்லிக்கொண்டு கௌரவமாகச் சாகும். பஸ்ஸில் அழுகிறவர்கள் எனக்காக அழுவார்கள். சொல்லிவிட்டாலோ என்னிடம் என்ன மிஞ்சும்? "மூச்சு பத்தல" என்கிற ஒரு வரி. கடவுளே, ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்கிறேனே என்று கெஞ்ச வேண்டும்போல் இருந்தது.

தங்கச்சி அந்த ஜிப்பின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை. பலகையை அழித்துவிட்டு எழுதினேன்: "அது நான் இல்ல. இவ."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாடா, தங்கச்சிக்காக விட்டுக் குடுக்குறான்," என்றான் டிரம்மரிடம்.

"அண்ணா, சும்மா இருண்ணா," என்றாள் அவள். "நான் கத்துனது கைடு. அத அன்னிக்கே அழிச்சிருப்பாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் சொத்து முழுவதையும் தூக்கிக் கொடுக்கிறேன், கழுதைகள் நம்ப மாட்டேன் என்கின்றன. லேப்டாப்பைக் காட்டி, "ஊமையாக்கினத போடு" என்று எழுதினேன். எழுத்து கோணிப் போனது.

டிரம்மர் பாட்டின் கோப்பைத் திறந்தான். மற்ற எல்லாச் சத்தத்தையும் நிறுத்தினான். திரையில் சாம்பல் நிறத்தில் கிடந்த, ஊமையாக்கிய பதிவின் கோடு ஒன்றை மட்டும் திறந்துவிட்டு, ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டினான்.

என் கத்தல் வந்தது. பாதி வரியில் கிழிந்தது. அந்தத் திருட்டு மூச்சு, அதற்கப்புறம் ஒரு வறட்டுச் சத்தம், அப்புறம் இருமல். நாய் எலும்பைக் கக்குவது மாதிரி இருமல். டிரம்மரின் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். தங்கச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆல்பத்தில் இருப்பது தன் குரல் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நிறுத்தப் போன டிரம்மரின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஓடட்டும். அதற்குப் பிறகு என் குரல் எங்கும் பதிவாகவில்லை.

இருமல் ஓய்ந்தது. போர்வை உரசும் சத்தம். பிறகு ஸ்பீக்கரில் நான் பேசினேன். கத்தல் இல்லை, சாதாரணமாக, தினமும் பேசுகிற மாதிரி.

"அம்மா, கொஞ்சம் தண்ணி குடும்மா."

கோடு முடிந்தது. சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. குழாய் திறக்கும் சத்தம், பிறகு ஓடி வரும் காலடி. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள், கையில் டம்ளர். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியிருந்தது.

"பேசிட்டியா?" என்றாள். மூச்சிரைத்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. "கேட்டுச்சுடா, எனக்குக் கேட்டுச்சு. என் கண்ணு, இன்னொரு தடவ கூப்பிடு."

டிரம்மரின் விரல் மவுஸின் மேல் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன். அம்மாவின் கையிலிருந்து டம்ளரை வாங்கி, அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீரைக் குடித்தேன்.