திரையில் தெரிந்த குருவி

ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் பாம்புச்செவி. பேசுகிறவர் எச்சில் விழுங்கினால்கூடக் கண்டுபிடித்து வெட்டிவிடுவேன். இருபத்தாறு வருடமாக இந்தக் காதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைப்பானேன்.

அன்று பேராசிரியை ஒருவர் கல்லூரிப் பாடம் பதிவு செய்ய வந்திருந்தார். இயற்கையை விட்டு மனிதன் விலகிப் போனதைப் பாடிய கவிஞர்களைப் பற்றிப் பத்துப் பாடங்கள். நாலு சுவரிலும் பஞ்சு ஒட்டிய, ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து, "மனிதன் பறவையின் குரலைக் கேட்க மறந்துவிட்டான்" என்று உருக்கமாகப் படித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அண்ணா, வெளியில ஏதோ குருவி கத்துது. பாடமே கெட்டுப்போகும்."

"ஒண்ணும் இல்லையே மேடம். நீங்க படிங்க."

"நல்லாக் கேக்குதே. உங்களுக்குக் கேக்கலையா?"

யாரிடம் என்ன கேட்கிறார் இந்தம்மா என்று சுருக்கென்றது. பதிவை மறுபடி ஓடவிட்டேன். ஹெட்போனில் அவர் குரல் மட்டும்தான். சத்தத்தைக் கோடுகளாகக் காட்டும் கணினித் திரையிலோ அவர் குரலுக்கு மேலே, கீச்சுச் சத்தங்கள் விழும் உச்சியில், வரிசையாக மெல்லிய கோடுகள். குருவிதான். சத்தத்தைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். கண்ணுக்குத் தெரிந்தது காதுக்கு எட்டவில்லை.

"உங்ககிட்ட சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணுதான்" என்று வீட்டுக்காரி இரண்டு வருடமாகச் சொல்கிறாள். வழக்கமான புலம்பல் என்று விட்டிருந்தேன். இப்போது இந்தம்மா முதலாளியிடம் வாய் தவறி ஒரு வார்த்தை விட்டால் என் வேலை அவ்வளவுதான்.

கண்ணால் பார்த்தே கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். "சுத்தமாப் போயிடுச்சு" என்றார் அவர். எனக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். தப்பித்தேன், ஆனால் சந்தோஷம் வரவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை குருவிகளை வெட்டி எறிந்திருப்பேன். ஒன்றையாவது உட்கார்ந்து கேட்டிருந்தால், கடைசியாகக் கேட்டது எப்போது என்றாவது தெரிந்திருக்கும்.

இடைவேளையில் பின்கதவைத் திறந்தோம். ஏசி பெட்டியின் மேல் குருவி. அலகைத் திறந்து திறந்து மூடியது, ஊமைப்படம் மாதிரி.

"அது என்ன சத்தம் போடுது மேடம்?"

"அதுவா... எல்லையில்லாத ஆனந்தத்தோட..."

"அது பாடத்துல இருக்கு. இப்ப என்ன சத்தம்?"

அவர் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். பதினெட்டு வருடமாகப் பறவைக் கவிதை நடத்துகிறவர். இதுதான் முதல் தடவை என்பது போலிருந்தது அந்த முகம். உதட்டைக் குவித்து விசிலடித்துப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி முயன்றார். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. அது எனக்குக் கேட்டது.

குருவி அவர் பக்கம் திரும்பி அலகைத் திறந்தது.

"பதில் சொல்லுது, கேட்டீங்களா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம்.

"எனக்குக் கேக்கலை மேடம்" என்றேன். "நீங்க இன்னொரு தடவை விசிலடிங்க."