எதிர்மலை மணி

எவாசியோவுக்குத் தெரியாத மலையூர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. ஊர் பார்க்க வருகிறவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு, குன்றுக்குக் குன்று, கோட்டைக்குக் கோட்டை, ஒயின் நிலவறைக்கு நிலவறை என்று அலைகிற பிழைப்பு. ஆனால் ரோக்காவெர்னா என்று யாராவது வாயெடுத்தால் போதும், மனுஷன் முகம் சுண்டிவிடும். பாதை சரியில்லை என்பார். அங்கே என்ன இருக்கிறது, நாலு சுவரும் ஒரு மணிக்கூண்டும் என்பார். வாய் கூசாமல் சொல்லுவார். அவருடைய மொந்தெலூனோவுக்கு நேர் எதிரே, பள்ளத்தாக்கைத் தாண்டினால் அந்த ஊர்தான். காலையில் ஜன்னலைத் திறந்தால் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

அவருடைய ஒரே மகள் மிலேனா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பேத்தி பிறந்து வசந்தம் போய்க் கோடையும் முடியப்போகிறது, இவர் இன்னும் முகம் பார்க்கவில்லை. கல்யாணம் பட்டணத்தில் நடந்ததால் அதற்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தார். குழந்தை விஷயத்தில் மகள் இறங்கி வரவில்லை. "தூக்கிட்டு வந்து காட்ட அவ என்ன சந்தைக்கு வந்த கோழியா? பாக்கணும்னா நீங்க வாங்க" என்று போனில் சொல்லிவிட்டாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், வேறெப்படிப் பேசுவாள்?

வீம்புக்குக் காரணம் மணி. ஆலங்கட்டி மேகம் திரண்டால் அந்த ஊர்களில் கோயில் மணியை விடாமல் அடிப்பார்கள். சத்தத்துக்கு மேகம் விலகிப்போகும் என்று நம்பிக்கை. விலகுகிற மேகம் எங்கே போகும்? எதிர்மலைக்குத்தான். மிலேனா சின்னப்பிள்ளையாக இருந்த ஒரு ஆகஸ்டில் ரோக்காவெர்னாவில் மணி அடித்தது, மொந்தெலூனோவில் ஆலங்கட்டி கொட்டியது. எவாசியோவின் திராட்சைத் தோட்டம் ஒரு இலை மிச்சமில்லாமல் மொட்டையாகிவிட்டது. பிறகு நிலத்தில் பாதிக்கு மேல் கைவிட்டுப் போய், எதிர்மலையைப் பார்த்த ஒரே ஒரு சரிவு மிஞ்சி, அவர் வேன் ஓட்ட வந்தார். அன்றைக்கு மணிக்கயிறு பிடித்தவர் செகோந்தோ. மிலேனா போயும் போயும் அந்த செகோந்தோவின் மகனைத்தான் காதலித்துத் தொலைத்தாள்.

இந்த ஆகஸ்ட் கடைசியில் ஒரு டென்மார்க் தம்பதி, ரோக்காவெர்னா கோயிலின் பழைய சுவரோவியத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பாதை சரியில்லை என்றார் எவாசியோ. அந்த அம்மாள் ஜன்னல் வழியாக விரலை நீட்டினாள். புதுத் தார்ச்சாலை பளபளவென்று மலை ஏறிக்கொண்டிருந்தது. மாட்டிக்கொண்டார். மனதின் ஒரு மூலையில் சந்தோஷம்கூடத்தான். நாமாகவா போகிறோம், பிழைப்புக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாமே.

தம்பதியைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு வேனிலேயே உட்கார்ந்திருந்தார். யாரோ கதவைத் திறந்தார்கள். செகோந்தோ.

"இறங்குங்க சம்பந்தி. நீங்க இப்படி வெயில்ல உக்காந்திருந்தா, உங்க மக என்னைத்தான் பிடிச்சுத் திட்டுவா."

மறுக்க வார்த்தை தேடுவதற்குள் கால் இறங்கிவிட்டது.

வீட்டில் மிலேனா அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். பேர் ஆல்மா. அது அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, இது யாரடா புது ஆள் என்பதுபோல் பார்த்தது. இத்தனை மாதம் இதை விட்டுவிட்டு என்ன பாழாய்ப்போன ரோஷம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். செகோந்தோ தன் தோட்டத்து ஒயினை ஊற்றினார். சுருக்கென்று ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்த எவாசியோ, ஒயின் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தார்.

அப்போதுதான் வெளிச்சம் மங்கியது. மேகம் ஊருக்கு நேர் மேலே, அடிவயிறு பச்சை பூத்து நின்றது. ஆலங்கட்டி மேகம். அறுவடைக்குச் சில வாரம்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை வாசலில் வந்து நின்று, மணி இன்னும் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டாள். செகோந்தோ தோள்பட்டை வலி என்றார். நாற்காலியை விட்டு அசையவில்லை. சற்று முன்புதான் அந்த மனுஷன் முழு ஜாடியை ஒற்றைக் கையால் தூக்கி ஊற்றினார்.

எவாசியோவுக்குப் புரிந்துவிட்டது. தான் இங்கே உட்கார்ந்திருக்கிறவரை அவர் கயிற்றைத் தொடமாட்டார். தன் தோட்டம் போனாலும் சரி என்று உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருஷம் செகோந்தோ வாயிலிருந்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வராதா என்று காத்திருந்ததென்னவோ உண்மை. வார்த்தையாக இல்லாமல் இப்படி வந்தபோது அதைத் தாங்க முடியவில்லை. கீழே சரிவு முழுக்கக் கறுத்துத் தொங்கிய திராட்சையெல்லாம் நாளைக்கு இந்த மடியில் கிடப்பவளுக்கு. குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்து மணிக்கூண்டுக்கு நடந்தார்.

செகோந்தோ பின்னாலேயே ஓடிவந்தார்.

"என்ன காரியம் பண்றீங்க? காத்து உங்க பக்கம்தான் அடிக்குது. மேகம் போற வழியில முதல்ல நிக்கறது உங்க சரிவுதான்."

"அது எனக்குத் தெரியாதா? தள்ளி நில்லுங்க."

கயிறு கனமாக இருந்தது. இரண்டு இழுப்புக்குள் மூச்சு வாங்கியது. செகோந்தோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் வந்து கயிற்றைப் பிடித்தார்.

மணியோ, காற்றோ, யார் கண்டது, மேகம் நகர்ந்தது. பள்ளத்தாக்கைத் தாண்டி மறுகரையில் வெள்ளையாக இறங்கியது. அகலம் ஒன்றும் பெரிதில்லை, ஒரு கீற்றுதான். அந்தக் கீற்றுக்குள் எவாசியோவின் சரிவு இருந்தது. தன் கையால் நட்ட கொடிகள். கூண்டின் வாசலில் நின்று பார்த்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"மன்னிச்சிடுங்க சம்பந்தி. அன்னைக்கும் சேத்து" என்றார் செகோந்தோ.

எவாசியோ கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கையைக் கயிறு அறுத்திருந்தது.

"அன்னைக்கு உங்க பையனுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"அப்பத்தான் நடக்கப் பழகினான்."

அதுவும் பிள்ளைக்காக அடித்த மணிதான் என்று எவாசியோ தலையை ஆட்டினார். பிறகு வேனை நோக்கி நடந்துகொண்டே சொன்னார்: "எங்க ஊர்ல கேப்பாங்க, எவன் மணி அடிச்சான்னு. நான்தான்னு நானே சொல்லிக்கறேன். நீங்க வாயைத் திறக்காதீங்க."