முற்றுப்புள்ளி வரைக்கும்

"இப்ப யாரோட மூச்சுல இருக்கீங்க?"

"தையல்காரம்மாவோடது. புதன்கிழமை வரைக்கும் தாங்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வியாழக்கிழமை வந்துடும்ல டாக்டர்."

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர், ஸ்டெதாஸ்கோப்பை அந்த மனிதரின் முதுகில் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். உள்ளே போய்வந்த காற்று அவருடையது அல்ல. ஒரு பெண்ணின் சின்ன, சீரான மூச்சு, தையல் மெஷின் மிதிக்கிற தாளத்தில் போய்வந்தது. அவருக்குச் சொந்த மூச்சு நின்று பதினொரு வருஷம் ஆகியிருந்தது. டாக்டர் சீட்டில் 'மூச்சு: இரவல்' என்று எழுதி, இருமலுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். வெளியே பெஞ்சில் காத்திருந்த மனைவி சீட்டை வாங்கிப் படித்தாள். "போன டாக்டரும் இதையேதான் எழுதினார். இவர் கையெழுத்து கொஞ்சம் புரியுது" என்றாள்.

அவர் பெயர் புயல். அவள் பெயர் முற்றுப்புள்ளி. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் இருவருக்கும் உண்டு, ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அங்கே கல்நார் மூட்டையைப் பிரித்து சிமெண்டோடு குழைத்து ஷீட் வார்த்தார்கள். தூசி சலித்த மாவு போலக் காற்றில் நிற்கும், சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் சோற்றுக்கு முன்னால் தூசிதான் கண்ணில் படும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை கம்பெனியின் கம்பவுண்டர் ஒவ்வொருவரையும் தன் மேஜைக்கு முன்னால் நிறுத்தி, கம்பெனிப் பாட்டின் முதல் வரியை ஒரே மூச்சில் பாடச் சொல்வார். 'மழையும் வெயிலும் புயலும் பனியும் எங்கள் கூரை மேலே வந்து தோற்றுப் போகும்.' மெட்டு மாட்டுவண்டி வேகத்தில் போகும். எந்தச் சொல்லில் மூச்சு அறுகிறதோ அந்தச் சொல்லைக் கம்பவுண்டர் நோட்டில் எழுதுவார். நோட்டில் இருந்த சொல் ஒரு வாரத்தில் ஆளின் பெயராகிவிடும்.

பெயர் பின்னால்தான் நகர்ந்தது, முன்னால் நகர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. புயல் வேலைக்குச் சேர்ந்தபோது 'வந்து'. "வந்து வந்தாச்சா?" என்று ஃபேக்டரி கேட்டில் கேலி பண்ணுவார்கள். கல்யாணத்தின்போது கூரை. மகள் பிறந்தபோது எங்கள். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது பனி, அடுத்த வருஷமே புயல். அதற்கு முந்தின சொல்லில் பயம் இருந்தது. வெயிலில் அறுந்தவருக்கு அன்று மாலையே கேட்டில் கடிதம் காத்திருக்கும், கம்பெனி வீட்டைக் காலி பண்ண வேண்டும். மழையில் அறுந்தவருக்குக் கடிதம் தர வேண்டிய அவசியம் வந்ததில்லை. முற்றுப்புள்ளியோ சாக்கு உதறும் பிரிவில், ஃபேக்டரியிலேயே தூசி அதிகமான இடத்தில் நின்றவள். ஆனாலும் மாதாமாதம் வரியை முழுசாகப் பாடி முடித்தாள். கம்பவுண்டர் நம்பாமல் இரண்டு தடவை பாடச் சொல்வார். அவளுக்கு நேராக எழுத அவரிடம் சொல் இல்லை, ஒரு புள்ளி வைத்தார்.

பாட்டுக்குழு பாட்டு ஆசையில் பிறக்கவில்லை. தனியாகப் பாட வெட்கமாக இருக்கிறது, கூட்டமாகப் பாடுகிறோம் என்று தொழிலாளிகள் மனுக் கொடுத்தார்கள். மூச்சுள்ளவர்களின் சத்தத்தில் இல்லாதவர்கள் மறைந்துகொள்ளலாம் என்பது கணக்கு. மேனேஜர் அதைக் கம்பெனி மேல் வந்த பாசமென்று எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு வெள்ளைச் சட்டை கொடுத்தார். கம்பவுண்டர் அவ்வளவு லேசான ஆள் இல்லை. வரிசைக்குள் நடந்து, ஒவ்வொரு வாய்க்குப் பக்கத்திலும் காதை வைத்துக் கேட்டார். ஒரு திங்கட்கிழமை அவர் புயலிடம் வந்தபோது பாட்டு வெயிலைத் தாண்டவில்லை, மூச்சு போய்விட்டது. பக்கத்தில் நின்ற முற்றுப்புள்ளி தோளோடு தோளை அழுத்தினாள். புயலின் வாயிலிருந்து மீதி வரி முழுக்க அவளுடைய குரலில் வந்தது. கம்பவுண்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு நோட்டில் 'தொண்டைக்கட்டு' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அதற்குப் பிறகு எல்லோரும் தோள் உரச நிற்கப் பழகினார்கள். உள்ளவர் ஒருவர், இல்லாதவர் ஒருவர் என்று வரிசை மாறி மாறி அமைந்தது. தனியாக யாரும் பாடக்கூடாது என்பது ஒரே விதி. முதலில் தோள் வழியாகக் குரல்தான் போனது, பிறகு மூச்சே போகத் தொடங்கியது. ஒரு தடவை பாடினால் ஒரு வாரத்துக்கு வந்தது, அதனால் வியாழக்கிழமைதோறும் கூடிப் பாடினார்கள். கொடுத்தவருக்கு அன்று படி ஏறினால் நெஞ்சு அடைக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள்.

வெளிநாட்டில் எங்கோ கல்நாரைத் தடை செய்ததால் ஒரு காலையில் கேட்டில் பூட்டுத் தொங்கியது. கம்பெனி போனது, குழு போகவில்லை. போக முடியாது, அடுத்த வியாழக்கிழமை வந்துகொண்டிருந்தது. சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மாடி அறைக்கு மாறினார்கள். மூச்சுள்ளவர்கள் குறைந்துகொண்டே வந்ததால், 'ஊரார் அனைவரும் சேரலாம்' என்று கீழே ஒரு பலகை வைத்தார்கள். தையல்காரம்மா வந்தாள், டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பவர் வந்தார், தெருக்கோடி வரை குரல் கேட்கிற பஸ் கண்டக்டர் வந்தார். எதற்காகத் தோளை ஒட்டி நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கண்டக்டர் ஆறே வாரத்தில் நின்றுவிட்டார். எவ்வளவு ஊதினாலும் விசில் சத்தம் போடவில்லை, பஸ் நிற்க வேண்டிய இடத்தையெல்லாம் தாண்டிப் போனது. தையல்காரம்மாவுக்கு மட்டும் தானாகவே புரிந்துவிட்டது. "உட்கார்ந்து பண்ற வேலைதானே, எனக்கு எதுக்கு அவ்வளவு மூச்சு?" என்று சொல்லிவிட்டு, புயலின் இடது தோள் பக்கம் நிரந்தரமாக நின்றுகொண்டாள்.

ஒரு வருஷம் மாவட்டப் போட்டிக்குப் போனார்கள். இரண்டாவது சுற்றில் ஆளுக்கு ஒரு வரி தனியாகப் பாட வேண்டும் என்றார்கள், இவர்கள் மேடையை விட்டு இறங்கி வந்துவிட்டார்கள். மறுநாள் பேப்பரில், 'இருபது பேரும் ஒரே மூச்சில் பாடி அசத்தினர்' என்று வந்திருந்தது. யார் வெளியே சொன்னது என்று இரண்டு வாரம் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். நிருபர் சும்மா வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறார் என்று தெரிய அவ்வளவு நாள் ஆனது.

இருபது பேர் பதிமூன்று ஆனார்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் கொடுத்தவர்கள், வாங்கியவர்கள் இருந்தார்கள். டைப்ரைட்டிங்காரர் போன மாசியில் ஒரு விரலால் ஒரு எழுத்தை அடித்து, அடுத்த எழுத்துக்கு வராமல் போனார். முற்றுப்புள்ளியின் வலது தோள் பக்கம் இருந்த அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. அவள் தன் மகளை மட்டும் அந்த மாடிப்படி ஏற ஒரு தடவையும் விட்டதில்லை. "ஊரான் வீட்டுப் பிள்ளைங்க வரலாம், நான் வரக்கூடாதா?" என்று மகள் கேட்டதற்கு, "உனக்குச் சுருதி சேராது" என்றாள். மகளுக்கு நல்ல குரல்.

போன வாரம் துணி துவைக்கும்போது முற்றுப்புள்ளி விதியை மீறித் தனியாகப் பாடிப் பார்த்தாள். மேலே என்ற சொல்லுக்கு முன்னால் அறுந்தது. சோப்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் பாடினாள், அதே இடம். அவள் இப்போது கூரை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குழுவில் எஞ்சியிருந்த கொடுக்கிறவர்கள் நாலு பேர், அவளையும் சேர்த்து. புருஷனோடு சேர்ந்து வாங்குகிறவர்கள் ஒன்பது. இன்னும் ஒருவரைத் தாங்காது.

அந்த வியாழக்கிழமை மாலை பாட்டுத் தொடங்குமுன் மாடிப்படியில் ஆள் ஏறும் சத்தம் கேட்டது. மொத்தம் பதினாறு படி. ஏறியவர் இரண்டு படிக்கு ஒரு தடவை நின்றார்.

"இது வெயில்" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"இல்ல, மழை" என்றார் புயல். "எனக்குத் தெரியாதா?"

வாசலில் வந்து நின்றது கம்பவுண்டர். ஃபேக்டரியில் அவர் கண்ணாடி போட்ட அறைக்குள்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் அந்த அறைக் கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. ஆள் யாரென்று தெரியாத தையல்காரம்மா ஒரு நாற்காலியை நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை. ஒரு காலத்தில் மற்றவர்கள் அவர் மேஜைக்கு முன்னால் நின்ற மாதிரியே கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே வரியைத் தொடங்கினார். "மழையு" என்றார். ம் வரவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. புயல் மனைவியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அவள் தன் இடது தோளைப் புருஷனின் தோளோடு ஒட்டியபடி நின்றாள். வலது பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத் தரை காலியாக இருந்தது, கம்பவுண்டர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் பேருக்கு நேரா... நான் புள்ளிதான்மா வச்சேன்... கடைசி வரைக்கும்" என்றார், சொல்லுக்குச் சொல் நின்று. "பாட மாட்டேன். சத்தம்கூட வராது. அந்த ஓரத்துல... உன் தோள் பக்கம்... ஒரு இடம் குடுக்கறியாம்மா?"