ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீர்க் கோப்பைகளை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, மனைவியின் வலது கையைச் சாப்பாட்டு மேசைமேல் மல்லாத்திப் போட்டு, கரண்ட்காரர் இடுப்பிலிருந்து டேப்பை உருவினார். சுவர் அளக்கிற இரும்பு டேப். விடுமுறை நாளிலும் அது அவர் இடுப்பை விட்டு இறங்காது. மணிக்கட்டுக்கு நான்கு விரல்கடை மேலே இருந்த தழும்பில் டேப்பின் நுனியை வைத்து, உள்ளங்கை வழியாக நீட்டி, நூற்று ஐம்பத்து நான்காவது மில்லிமீட்டரில் நீலப் பேனாவால் சின்னதாக ஒரு கோடு போட்டார். போன வாரத்துக் கோடு குளியலில் பாதி கரைந்து, ஏழு மில்லிமீட்டர் பின்னால் மங்கலாகக் கிடந்தது.

“சின்னப் பிள்ளைங்களைச் சுவத்துல நிக்கவச்சு உயரம் அளப்பாங்களே, அந்த மாதிரி இருக்குங்க” என்றாள் அவள்.

“ஆடாதம்மா. கோடு கோணிடும்.”

அவர் கோடு என்றால் கோடுதான். அவர் பதித்த சுவிட்சுப் பெட்டி ஒரு நூல் சாய்ந்திருக்கிறது என்று அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் வீட்டில்தான் அடுக்களைக் கதவின் கண்ணாடி ஒன்றரை வருடம் விரிசலோடு நின்றது. இன்றைக்கு மாற்றுகிறேன், நாளைக்கு மாற்றுகிறேன் என்று பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தார். அடுத்தவர் வீட்டு வேலை என்றால் சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடுகிற மனிதருக்கு, சொந்த வீட்டு வேலை என்றதும் எங்கிருந்தோ ஒரு சோம்பல் வந்து தோளில் உட்கார்ந்துகொள்ளும். விரிசலின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் குறுக்காக ஒட்டிவிட்டு, “இது போதும், இன்னும் பத்து வருஷம் தாங்கும்” என்றார். தாங்கவில்லை. காற்று பலமாக அடித்த ஒரு நாளில் கதவு படாரென்று சாத்த வந்தது. அவள் கையை நீட்டித் தடுத்தாள். கை கண்ணாடிக்குள் போய்விட்டது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றே அவர் மிச்சக் கண்ணாடியைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒட்டுப்பலகையை வைத்து ஆணி அடித்தார். அன்றிலிருந்து அடுக்களையில் பட்டப்பகலிலும் விளக்கு எரிகிறது. அவள் அந்தக் கண்ணாடியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ கட்டுப் போட்ட கையோடு, “நீங்க சாப்பிட்டீங்களா?” என்றுதான் கேட்டாள். அந்தக் கேள்வி அவர் நெஞ்சில் இன்னும் இறங்காமல் நிற்கிறது.

அறுவை செய்த டாக்டர் சின்ன வயதுப் பெண். நரம்பைத் தைத்தாயிற்று, ஆனால் விரல்களுக்கு உணர்ச்சி உடனே வராது என்று அவர் சொன்னபோது, கரண்ட்காரருக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் டாக்டர்? ஒயரை ஜாயின் பண்ணிட்டா லைன் வந்துடணுமே?”

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன வேலை பண்றீங்க?”

“எலக்ட்ரீஷியன்.”

“நெனச்சேன்” என்று சிரித்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் டாக்டர் ஒரு படம் போட்டார். முதுகெலும்பின் ஓரத்தில் ஒரு புள்ளி. அதிலிருந்து தோள், முழங்கை, மணிக்கட்டு என்று விரல் நுனிவரை ஓடுகிற ஒரு கோடு. “இந்தப் புள்ளியில இருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே இழைதான். தொட்டா, சுட்டா, குத்தினா, எல்லாச் சேதியும் இது வழியாத்தான் மேல போகும். இந்த மாதிரி ஆயிரக்கணக்கான இழை சேர்ந்ததுதான் ஒரு நரம்பு.” மூன்றடி நீளத்துக்கு நடுவில் ஒரு ஜாயின்ட்கூட இல்லாத இழை என்று கேட்டதும் கரண்ட்காரர் வாயைப் பிளந்தார். “அறுந்த இடத்துக்குக் கீழ இருக்கற இழை செத்துடும். அதோட உறை மட்டும் வெறும் குழாயா நிக்கும். மேல இருக்கற இழை அந்தக் குழாய்க்குள்ள புதுசா வளர்ந்து வரணும்.”

“எவ்வளவு வளரும் டாக்டர்?”

“சுமாரா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.”

அதற்கு அப்புறம் டாக்டர் இன்னும் இரண்டு விஷயங்கள் சொன்னார். கரண்ட்காரர் தலையைத் தலையை ஆட்டினாரே தவிர எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனசுக்குள் பெருக்கல் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து தழும்பிலிருந்து ஆள்காட்டி விரல் நுனிவரை அளந்தார். இருநூற்று நாற்பது மில்லிமீட்டர். அப்படியானால் இருநூற்று நாற்பது நாள். ஒரு தாளில் அத்தனை கட்டங்கள் போட்டு, ஃப்யூஸ் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். தினமும் ஒரு கட்டத்தை அடிப்பார். வாரத்துக்கு ஒருமுறை அவள் கையில் கோட்டை நகர்த்துவார்.

அவளுக்கு அந்த விரல்கள் வெறும் விரல்கள் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் பன்னிரண்டு வருடமாக உடைந்த பிரேம்களைச் சரிசெய்கிறவள் அவள். காதுக் கம்பியை முன்பக்கத்தோடு சேர்க்கிற திருகாணி எள்ளைவிடச் சின்னது. அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்ததும் அது கண்ணிலிருந்து மறைந்துவிடும். அப்புறம் விரல்தான் பார்க்க வேண்டும். தலை எந்தப் பக்கம், மரை எந்தப் பக்கம் என்று தடவியே கண்டுபிடித்து, ஓட்டையில் இறக்கிவிடுவாள். நெற்றியில் பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பட்டப்பெயர் வைத்தார். இப்போது கடையில் இடது கையால் கண்ணாடி துடைக்கிறாள். “உன் நாற்காலியில வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேம்மா” என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த நாற்காலியைத் தாண்டித்தான் அவள் தினமும் துடைக்கிற மேசைக்குப் போக வேண்டும். தாண்டும்போது அதைத் தொட்டுவிட்டுப் போவாள் என்று முதலாளிதான் ஒருநாள் அவரிடம் சொன்னார்.

இருநூற்று நாற்பதாவது நாள் வந்தது. கரண்ட்காரர் அன்று வேலைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தார். அவர் கோலத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பொண்ணு பார்க்கவா வந்திருக்கீங்க?”

“கண்ணை மூடு. நான் தொடும்போது சொல்லு.”

ஒரு துளிப் பஞ்சைத் திரியாக முறுக்கி, ஆள்காட்டி விரல் நுனியில் மெல்ல வைத்தார். அவர் மூச்சுக்கூட விடவில்லை.

“ம்” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தார். “ம், தெரியுது.” மூன்றாவது முறையும் “தெரியுதுங்க” என்றாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடைசிக் கட்டத்தை அடித்து, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார். அந்த வாரம் எந்த வீட்டில் ஏணி போட்டு ஏறினாலும், கீழே நிற்கிறவர்களிடம் வாயெல்லாம் பல்லாக, “எங்க வீட்டுக்காரிக்கு லைன் வந்துடுச்சு” என்று சொன்னார். விஷயம் தெரியாத ஒருவர், “ஏன், உங்க வீட்டுலயுமா கரண்ட் போச்சு?” என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு மறுபடி பஞ்சுத் திரியோடு உட்கார்ந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் திரியை விரலருகே கொண்டுபோகும்போது தும்மல் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, தும்மலை அடக்க மூக்கைப் பிடித்தார். திரி அவர் கையிலேயே, அவள் விரலிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

“ம், தெரியுது” என்றாள் அவள்.

தும்மல் எங்கேயோ ஓடிப்போயிற்று. லைனே இல்லாத கம்பியில் டெஸ்டர் எரிந்தால் எப்படி இருக்கும், அப்படி அவர் அவளையே பார்த்தார். மூடிய இமைகள், கவனமாகக் காத்திருக்கிற முகம். அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. போன வாரமும் தெரிந்திருக்காது. அவர் போட்டிருந்த இஸ்திரிச் சட்டைதான் கண்ணை மூடும் முன்னால் அவளுக்குக் கடைசியாகத் தெரிந்திருக்கும். இந்த மனுஷனை எப்படி ஏமாற்றத்தில் விடுவது என்று நினைத்துத் தன் விரல்களைப் பற்றியே பொய் சொல்லியிருக்கிறாள். அவருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவ்வளவு பிரியமாக இருந்தது.

“சரிம்மா” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மின்கம்பத்தடியில் நின்று டாக்டருக்குப் போன் செய்தார். “முதல் மாசம் கணக்குல வராதுன்னு அன்னைக்கே சொன்னேனே சார். தச்ச இடத்தைத் தாண்டறதுக்கே அவ்வளவு நாள் ஆகும்” என்றார் டாக்டர். கரண்ட்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அப்ப கண்டிப்பா வந்துடுமா டாக்டர்?”

“வரலாம். முழுசா வராமலும் போகலாம். நரம்பு விஷயத்துல சத்தியம் பண்ண முடியாது.”

அதைப் போய் அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவள் பொய் தெரிந்துவிட்டது என்றாகிவிடும். அதனால் ஞாயிறுதோறும் பஞ்சும் கையுமாக உட்காரும் வேலை தொடர்ந்தது. அவர் தொடுவார், அவள் ‘ம்’ என்பாள், அவர் ‘நல்லது’ என்பார். நடுநடுவே சூடான பாத்திரத்தை அவள் இடது கையால் எடுப்பதையும், சட்டைப் பொத்தானைப் போடும்போது குனிந்து பார்த்துப் பார்த்துப் போடுவதையும் ஓரக்கண்ணால் கவனிப்பார். கவனித்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, தாளின் ஓரத்தில் ரகசியமாகச் சேர்த்திருந்த கட்டங்களில் ஒன்றை அடிப்பார். முப்பது கட்டம் தீர்ந்தது. இன்னும் பத்துப் போட்டார். அவையும் தீர்ந்துகொண்டிருந்தன.

ஆறாவது ஞாயிறு வழக்கம்போல் உட்கார்ந்தார்கள். சட்டை கசங்கியிருந்தது. அவர் பஞ்சுத் திரியை ஆள்காட்டி விரல் நுனியில் வைத்து மெல்ல இழுத்தார்.

அவள் ‘ம்’ என்று சொல்லவில்லை. புருவம் சுருங்கியது.

“என்னம்மா?”

“ஏங்க, நடுவிரலையா தொட்டீங்க?”

அவர் தன் கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல்தான். சந்தேகமே இல்லை. மறுபடி அதே இடத்தில் தொட்டார்.

“நடுவிரல்தாங்க. ஏதோ எறும்பு ஊர்ற மாதிரி.”

தொடாமல் சும்மா இருந்தார். அவளும் சும்மா இருந்தாள். எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி தொட்டார். “இப்போ. நடுவிரல்.”

டாக்டர் அன்று சொன்ன இரண்டாவது விஷயம் அப்போதுதான் அவருக்கு நினைவில் எழுந்து வந்தது. எல்லா இழையும் தன் பழைய குழாயைக் கண்டுபிடித்துப் போகாது, சிலது பக்கத்துக் குழாயில் நுழைந்துவிடும், அப்புறம் மூளைதான் எது எது என்று மறுபடி படித்துக்கொள்ள வேண்டும். பொய் சொல்கிறவளாக இருந்தால் சரியான விரலைத்தானே சொல்லியிருப்பாள். இருபத்தைந்து வருடத் தொழிலில், ஹால் சுவிட்சைத் தட்டி அறை விளக்கு எரிந்தால் அவருக்கு அது மானக்கேடு. இன்று அப்படித்தான் எரிந்திருக்கிறது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் கண்ணைத் திறந்து பார்த்துப் பதறிப்போனாள். “ஏங்க, தப்பாச் சொல்லிட்டேனா?”

“தப்புதான். சுத்தத் தப்பு” என்று அவள் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார், அழுதார். “ஆள்காட்டி விரலைத் தொட்டேன்மா. நீ நடுவிரல்ங்கற.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். “இத்தனை நாளா உங்ககிட்ட…”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“தும்மல் வந்த அன்னைக்கே.”

“அப்புறம் ஏன் வாராவாரம் பஞ்சைத் தூக்கிட்டு வந்தீங்க?”

“நீ ஏன் வாராவாரம் கண்ணை மூடிக்கிட்டே?”

அவள் கையை இழுத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை மேசை விளிம்பில் தேய்த்துப் பார்த்தாள். நடுவிரலைப் பார்த்து முகம் சுளித்தாள். மறுபடி தேய்த்தாள். பிறகு அடுக்களைப் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

“ஏங்க.”

“சொல்லும்மா.”

“இனிமேலாவது அந்தக் கதவுக்கு ஒரு கண்ணாடி போடுங்க. பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டு சமைக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லட்டும்னு இருந்தீங்களா? நீங்களா போடுவீங்கன்னு பார்த்தேன். ஊருக்கெல்லாம் வெளிச்சம், நம்ம வீட்டுல ஒட்டுப்பலகை. வெட்கமா இல்ல?”

பத்து மாதம் கழித்து வந்த திட்டு. அவர் அதை அப்படியே நின்று வாங்கிக்கொண்டார். நாளைக்கு என்று சொல்லவில்லை. சுத்தியலின் பின்பக்கத்தைக் கொடுத்து நெம்பினார். ஆணிகள் கிறீச்சிட்டு வந்தன. பலகை கழன்றதும் காலை வெயில் அடுக்களைத் தரையில் நீளமாக விழுந்து, அலமாரியின் அடித்தட்டுவரை போயிற்று. உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கு மங்கிப்போனது. அவள் போய் அதை அணைத்தாள்.

“நுனியைப் பிடி” என்று டேப்பை நீட்டினார். சொன்ன பிறகுதான் எந்தக் கை என்று யோசித்து, அவள் இடது பக்கமாக நகர்த்தினார். அவள் வலது கையை நீட்டி, டேப்பின் இரும்பு நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வாங்கிக்கொண்டாள்.

அவர் வெறும் சட்டத்தின் குறுக்கே டேப்பை இழுத்துக்கொண்டு மறுபக்கம் போனார். திரும்பிப் பார்த்தபோது அவள் கண்களை மூடியிருந்தாள்.

“இழுங்க” என்றாள்.

மெல்ல இழுத்தார்.

“இன்னும் கொஞ்சம்.”

எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க அவருக்கு மறந்துபோயிற்று. இரண்டு பேருக்கும் நடுவே டேப் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. லேசாக நடுங்கியது. எந்த முனையிலிருந்து என்று தெரியவில்லை.