ஆப்பலுக்கின் எச்சில்

செவரீனேவுக்குச் சந்தேகம் என்பது காலைக் காப்பி மாதிரி. கிடைக்காவிட்டால் தலைவலி வந்துவிடும். கடைக்காரர் சிரித்தால் பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்பாள். பாதிரியார் வீடு தேடி வந்தால், யார் என்ன கோள் மூட்டினார்கள் என்று அவரிடமே கேட்பாள். இப்படிப்பட்டவளிடம் போய் "உங்க நாயோட எச்சில் கொஞ்சம் வேணும்" என்று ஒருத்தி கேட்டால் அவள் சும்மா இருப்பாளா?

கேட்டவள் தலைநகர் நூக்கிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரப் பெண். பிப்ரவரியில், குளிர்கால இருட்டெல்லாம் முடிந்து சூரியன் மலைக்கு மேலே மறுபடி தலைகாட்டிய வாரம், ஊர்க்கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினாள். பனிவண்டி இழுக்கும் நம் நாய்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பு நம் முன்னோரோடு மேற்கிலிருந்து உறைந்த கடல்மேல் நடந்து வந்தவை என்றாள். சைபீரியப் பக்கத்துத் தீவு ஒன்றில் ஒன்பதாயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட நாய் எலும்பு கிடைத்ததாம். அதற்கும் வெளியே கட்டிக்கிடந்து ஊளையிடுகிற இதுகளுக்கும் உறவாம். ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. செவரீனே மட்டும், யாராவது சும்மா பாட்டன் பூட்டன் பெயரைக் கேட்பார்களா, எதையாவது பிடுங்க வருகிறவர்கள்தான் கேட்பார்கள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள்.

பாதி சரிதான். பிடுங்கப் பார்த்தது அந்தப் பெண் இல்லை, ஊர்க்காரர்களே. இந்த வடக்கில் பனிவண்டி நாயைத் தவிர வேறு நாய்க்கு இடமில்லை. நம் நாயே ஒரு தடவை சட்டம் போட்ட நாய் எல்லைக்கோட்டுக்குத் தெற்கே போய்விட்டால் திரும்பி வர முடியாது. அதனால் எந்த நாயில் வெளி ரத்தம் கலந்திருக்கிறது என்ற பட்டியல் தங்களுக்கும் வேண்டும், கலப்பு என்று தெரிந்தால் தெற்கே அனுப்பிவிடலாம் என்று வேட்டைக்காரர்கள் தீர்மானம் போட்டார்கள். எல்லாரும் கை தூக்கினார்கள். தூக்காவிட்டால் எல்லாரும் தன்னையே பார்ப்பார்கள் என்று செவரீனேவும் தூக்கினாள்.

தூக்கும்போதே அவளுக்கு ஒரு பழைய படகு ஞாபகம் வந்தது. ஏழு கோடைக்கு முன்பு, நாய்களையெல்லாம் வழக்கம்போல எதிர்த்தீவில் விட்டிருந்த நேரம், ஒரு வெளிநாட்டுப் பாய்மரப் படகு அங்கே இரண்டு நாள் நின்றது. அதில் ஒரு கண் நீலமாக ஒரு நாய். அது கரையில் இறங்கி ஓடியதை அவள் தன் கண்ணால் பார்த்தாள். இரண்டு மாதத்தில் அவளுடைய பெட்டை ஒரு குட்டி போட்டது. நரி மாதிரி சிவப்பு. ஆப்பலுக் என்று பெயர் வைத்தாள், சிவப்பன் என்று அர்த்தம். படகைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தச் சிவப்பன்தான் இப்போது அவளுடைய தலைநாய். பன்னிரண்டு நாய்க்கும் முன்னால் ஓடி வழி காட்டுகிறவன். போன குளிர்காலம் ஹாலிபட் மீனுக்குத் தூண்டில் போடப் போகும்போது நட்டநடுவில் படுத்துக்கொண்டான். அவள் திட்டினாள், சாட்டையைத் தரையில் அடித்தாள், அவன் அசையவே இல்லை. இறங்கிப்போய்க் கோலால் குத்திப் பார்த்தால் நாலடி தள்ளிப் பனிக்கட்டி அப்பளம் போல இருந்தது. கணவன் போனபின் அவளுக்கு என்று மிச்சமிருந்தது அந்த மீன்பிடியும் அந்த நாயும்தான். ஆப்பலுக் தெற்கே போனால் இவள் வீட்டில் முடங்க வேண்டியதுதான்.

ஊர் நாய்கள் அந்நியரைக் கடித்துவிடும் என்பதால் ஆராய்ச்சிக்காரி ஆளுக்கொரு குச்சியும் குழாயும் கொடுத்து, தலைநாயின் கன்னத்தின் உட்பக்கம் தேய்த்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். செவரீனே அந்தக் குச்சியை ஒரு பகல் முழுக்க மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம், கொழுந்தன் தோபியாசி கடைக்குப் போன சமயம் பார்த்து, ஒரு மீன்தலையோடு அவன் நாய்கள் கட்டியிருந்த இடத்துக்குப் போனாள். இருபது எட்டுதான். தோபியாசியின் தலைநாய் துலுகாக் அண்டங்காக்கைக் கறுப்பு. ஊரே அசல் என்று சத்தியம் செய்யும் நாய். அது வாலை ஆட்டியது. குச்சியை அதன் வாயில் தேய்த்தெடுத்து, குழாயில் "ஆப்பலுக்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நிம்மதி ஒரே ஒரு நாள்தான். அடுத்த நாள் ஆப்பலுக்கைக் கட்டியிருந்த முளையைச் சுற்றிப் புதுக் காலடிகள். அவள் போடாத ஒரு மீன்வால் கிடந்தது. அன்றைக்குப் பார்த்துத் தோபியாசி வலது கையில் கட்டோடு வந்தான். என்ன ஆச்சு என்றதற்குத் தூண்டில் முள் குத்திவிட்டது என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான். முள் ஓரிடத்தில் குத்தும். மணிக்கட்டு வரைக்கும் எதற்குக் கட்டு? பயல் என் நாய்க்கு விஷம் வைக்க வந்தானா, முடியைப் பிடுங்கிக் காட்டிக்கொடுக்க வந்தானா?

அதிலிருந்து இரண்டு மாதம் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். நாய்க்கு வைத்த தீனியை முகர்ந்து பார்த்தாள். கொழுந்தனுக்குக் காப்பி ஊற்றுவதை நிறுத்தினாள். அவன் கொண்டுவந்த சீல் இறைச்சியில் ஒரு துண்டைக் காக்கைக்குப் போட்டுப் பார்த்தாள். காக்கை நன்றாகத்தான் இருந்தது. அப்போதும் அவள் மனம் ஆறவில்லை.

ஏப்ரலில் முடிவு வந்தது. ஊர் நாய்களைக் கவனிக்கும் காவலர் எனோக் கூடத்தில் நின்று வாசித்தார். பதினான்கு நாய் அசல். துலுகாக்கும் அசல். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆப்பலுக்குக்கு அப்பன் வெளி நாய் என்றார். அதற்கடுத்த வியாழக்கிழமை ஹெலிகாப்டரில் அனுப்பிவிடலாம் என்று மெல்லச் சேர்த்துக்கொண்டார்.

செவரீனேவுக்குத்தான் உண்மை தெரியும். கலப்பு என்று வந்தது துலுகாக்கின் எச்சில். அதைச் சொன்னால் அவள் செய்த திருட்டு வெளியே வரும், சொல்லாவிட்டால் ஆப்பலுக் போய்விடுவான். தோபியாசியைப் பார்த்தாள். குதிக்க வேண்டியவன் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். இதில் என்ன சூது வைத்திருக்கிறானோ என்று அப்போதும் நினைத்தாள்.

தோபியாசி எழுந்தான்.

"எனோக், துலுகாக்னு எழுதி நான் குடுத்தது துலுகாக்கோட எச்சில் இல்ல. அண்ணியோட நாயோடது."

எல்லாரும் திரும்பிப் பார்க்க, அவன் மேலே பேசினான்.

"அந்தப் படகு நாய் கரையில எறங்குனத நான் பாத்தேன். எம்பெட்டையும் அந்தத் தீவுலதான் கெடந்துச்சு, துலுகாக் அது போட்ட குட்டிதான். எனக்கு எந்நாய் மேல நம்பிக்கை இல்ல. ஆப்பலுக் மேல இருந்துச்சு. அவன் அசல்தான்னு இப்ப வந்துருச்சுல்ல, அவன அனுப்பாதீங்க."

எனோக் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே நாய் எப்படி ஒரு குழாயில் அசலாகவும் இன்னொன்றில் கலப்பாகவும் இருக்கும்? "செவரீனே, அப்ப ஒன் குழாயில என்ன இருந்துச்சு?"

ஆராய்ச்சிக்காரி மாற்றிவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். பழியைப் பிறர்மேல் போடுவது அவளுக்கு நாக்கு நுனியிலேயே இருக்கிற வேலை. ஆனால் தோபியாசியின் வலது கை மேசைமேல் இருந்தது. முள் குத்திய தடம் இல்லை அது. நாலு பல், வரிசையாக.

"துலுகாக்," என்றாள்.

பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். தோபியாசி அவளையே பார்த்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள்.

"அவன் ஒன்னையக் கடிக்கலையா அண்ணி?"

"இல்ல. வால ஆட்டுனான்."

"ஆப்பலுக் என்னையக் கடிச்சுட்டான்," என்றான் தோபியாசி.

எனோக் இரண்டு நாயிடமும் தன் கையாலேயே மறுபடி எடுத்து அனுப்பினார். சில வாரத்தில் பதில் வந்தது: ஆப்பலுக் அசல், துலுகாக் கலப்பு. அடுத்த வியாழக்கிழமை துலுகாக் எல்லாருக்கும் வாலை ஆட்டிக்கொண்டே கூண்டில் ஏறியது. ஹெலிகாப்டர் மறையும்வரை தோபியாசி திரும்பிப் பார்க்கவில்லை. செவரீனேவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருஷம் கூட ஓடிய நாயை அவள் நம்பவில்லை, இவன் நம்பினான்.

மறுநாள் காலையில் தோபியாசியின் நாய்கள் தலைநாய் இல்லாமல் வாரெல்லாம் சிக்கலாக்கிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் வெறுங்கையால் முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். செவரீனே ஆப்பலுக்கை அவிழ்த்து அந்த இருபது எட்டும் நடத்திக் கொண்டுபோனாள்.

"இன்னைக்கு நீ போ. நாளைக்கு நான் போறேன். இனிமே இப்பிடித்தான்."

அவன் வேண்டாம் என்று ஏதோ சொல்ல வந்தான். அவள் காதில் வாங்காமல் வாரை முன்னால் மாட்டினாள். தோபியாசியைக் கண்டதும் ஆப்பலுக் பல்லைக் காட்டி உறுமினான்.

"மொதல்ல கையுறையப் போடு," என்றாள் செவரீனே.