சாந்தா எலோதியாவுக்கு மட்டும் காற்றில்லை

காற்று தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்று கேப்டன் தோன் பல்தசார் உர்தியாலெஸ் எங்கள் காதிஸ் நகரத்தில் அறிவித்தது 1797 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையிலிருந்து அவருடைய சாந்தா எலோதியா கப்பலின் மீது மட்டும் காற்று வீசவில்லை. இது மூன்று வருடம் நீடித்தது.

அறிவித்தபோது அவர் விளையாடவில்லை. காற்றைப் பற்றி நானூறு பக்கத்தில் புத்தகம் எழுதியவர் அவர். அதை ஊரில் இரண்டு பேர் படித்திருந்தார்கள்: அவரும் அச்சுக்கோத்தவரும். அச்சுக்கோத்தவர் இருநூறாவது பக்கத்தோடு வேலையை விட்டுவிட்டுத் தச்சனாகிவிட்டார். காற்று நின்றுபோனால் எங்கள் மாலுமிகள் புனித அந்தோணியார் சிலையைப் பாய்மரத்தில் கட்டிவைத்துத் திட்டுவார்கள். அப்போதும் அசையாவிட்டால் தலைகீழாகக் கட்டி இன்னும் மோசமாகத் திட்டுவார்கள். அப்பன் காலத்திலிருந்து வரும் வழக்கம். இதைச் சொல்லித்தான் தோன் பல்தசார் விருந்துகளில் சீமாட்டிகளைச் சிரிக்க வைப்பார். செவ்வாய்க்கிழமை அவர் சிரிப்போடு நிறுத்தவில்லை. தன் கப்பலில் இருந்த சிலையைச் சரக்கறையில் வெங்காயப் பீப்பாய்களுக்குப் பின்னால் போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். தன் கணக்கு அழைத்தால் வராத காற்று உலகத்தில் இல்லை என்றும் சொன்னார். மாகாண அதிகாரியின் மைத்துனர் கைதட்டினார். எதற்கும் கைதட்டுவதுதான் அவருடைய உத்தியோகம்.

அப்போது இங்கிலீஷ்காரர்கள் வெளியே கடலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே எங்கள் தளபதிகள் போர்த்திட்டம் என்ற பெயரில் மதியத் தூக்கம் தூங்கினார்கள். தோன் பல்தசார் மட்டும் புதன்கிழமை முற்றுகையை உடைக்கக் கிளம்பி, துறைமுகத்தைத் தாண்டி ஒரு கல் தொலைவு போனார். அங்கே காற்று நின்றது. பக்கத்தில் போன மீன்பிடிப் படகின் பாய் புடைத்திருந்தது, எதிரிக் கப்பல்களின் கொடிகள் படபடத்தன, எலோதியாவின் பாய்கள் மட்டும் ஈரத்துணிபோலத் தொங்கின. கேப்டன் ஒரு பக்கத்துப் பீரங்கிகள் முப்பத்தேழையும் ஒரே நேரத்தில் சுடச் சொன்னார். புகை எழுந்தது, எழுந்த இடத்திலேயே நின்றது.

அந்தப் புகை பிறகு போகவே இல்லை. முதல் மாதம் எல்லோரும் இருமினார்கள். குளிர்காலத்தில் அது இறுகிவிட்டது. ஆட்கள் கோடாரியால் அதில் ஜன்னல் வெட்டினார்கள், சமையல்காரன் ஆணி அடித்துக் காய்ந்த மீனைத் தொங்கவிட்டான். எதிரிகள் சுட்ட குண்டுகள் அந்தக் காற்றற்ற இடத்துக்குள் நுழைந்ததும் வழி தெரியாதவைபோலத் தயங்கி, பொத்தென்று தண்ணீரில் விழுந்தன. படகுகள் கட்டி இழுத்துக் கரைசேர்க்கத் துறைமுகத்தார் மூன்றுமுறை முன்வந்தார்கள். மன்னரின் கப்பல் கோவேறு கழுதைபோல வீடு திரும்பாது என்று கேப்டன் மறுத்தார். தண்ணீரும் கேலெத்தா என்னும் கல்போன்ற கப்பல் ரொட்டியும் ஊரிலிருந்து படகில் போயின. இங்கிலீஷ்காரர்கள் தடுக்கவில்லை. வாரம் ஒருமுறை பக்கத்தில் வந்து சிரித்துவிட்டுப் போவது தவிர அவர்களுக்கும் வேறு பிழைப்பில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் மாடிக் கோபுரங்களில் தொலைநோக்கி வைத்து, பொரித்த மீன் தின்றபடி பார்த்தார்கள். எதிரியின் சிரிப்பை நாகரிகமற்றது என்று கண்டித்துவிட்டுத் தாங்களும் சிரித்தார்கள். காற்று தாமதமாவதற்கான பதினோரு காரணங்களை விளக்கி, கேப்டன் புத்தகத்துக்கு இரண்டாம் பாகம் எழுதினார்.

உலகத்துக் கடலையெல்லாம் ஆள்வதாகச் சொல்லும் இங்கிலீஷ் கடற்படைக்கு, துடுப்பு என்று ஒரு பொருள் இருப்பது நினைவுக்கு வர மூன்று வருடம் ஆயிற்று. 1800 ஜூனில், பதவி உயர்வுக்கு ஏங்கிக்கொண்டிருந்த அவர்களுடைய கேப்டன் ஓபதையா பென்ஹாலோவுக்கு ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது அது உதித்தது. இருபது படகுகளில் ஆட்களை ஏற்றி, துடுப்புப் போட்டுக்கொண்டு எலோதியாவைப் பிடிக்க வந்தார். இறுகிய புகையைத் தாண்டி எங்கள் பீரங்கிகளால் சுட முடியாது. மாலுமிகளில் பாதிப்பேர் காய்ச்சலில் கிடந்தார்கள்.

கப்பலின் தண்டல், அதாவது மாலுமிகளுக்கு மேஸ்திரி, பியெய்த்தோ லூசான், கலீசியாக்காரன், ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டு இங்கிலாந்தில் சிறைக்கப்பலின் அடித்தளத்தில் ஏழு வருடம் கிடந்தவன். அங்கே பல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருந்தான். இன்னொருமுறை போனால் திரும்ப மாட்டான் என்று அவனுக்குத் தெரியும். படகுகள் கூப்பிடு தூரத்துக்கு வந்தபோது அவன் கேப்டன் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, அந்தச் சாவியக் குடுங்க. நாலு வார்த்த உறைக்கிற மாதிரித் திட்டினாப் போதும், அவரு வேலையப் பாத்துருவாரு."

"எவரு?"

"அந்தோணியாருதான்."

"லூசான், அது பைன் மரக் கட்டை. நாற்காலியும் பைன் மரந்தான். அதைத் திட்டிப் பாரேன், நடக்குதான்னு பாப்போம்."

"நாற்காலிய மூணு வருசம் யாரும் பூட்டி வைக்கலயே ஐயா. அவருக்கு ரோசம் வந்திருக்கும்."

"அப்ப உன் அந்தோணியாருக்கு ரோசமும் உண்டு, காதும் உண்டு. மூளை மட்டும் உங்க யாருக்கும் இல்ல."

தண்டல் வாயைத் திறந்து பல்லில்லாத ஈறுகளைக் காட்டினான். பிறகு, "என்னைய அந்தக் குழிக்குள்ள மறுபடியும் அனுப்பிராதீங்க ஐயா," என்றான். அவன் எதையும் இத்தனை மெதுவாகக் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

தோன் பல்தசார் அவனுடைய ஈறுகளைப் பார்த்தார், படகுகளைப் பார்த்தார். காற்றழுத்தமானியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கினார். காற்றழுத்தமானி மேல்தளத்தில், அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அதை அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

தண்டல் பின்னாலேயே போய்ச் சரக்கறைக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்தான். கேப்டன் பொய்முடியைக் கழற்றி ஒரு பீப்பாய்மேல் வைத்திருந்தார். சிலையைத் தூக்கி, அழுகிய வெங்காயச் சருகைத் துடைத்துவிட்டு, ஒரு கம்பத்தில் தலைகீழாகக் கட்டினார். முடிச்சு மாலுமிகள் போடும் முடிச்சேதான். எங்கே கற்றார் என்று தெரியவில்லை. முதலில் "தாங்கள்" என்று ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்தில் "நீ" ஆயிற்று. பிறகு குரலை ஒரு துளியும் உயர்த்தாமல், மாட்டுவண்டிக்காரர்களும் வாய்விட்டுச் சொல்லக் கூசும் வார்த்தைகளை ஒவ்வொன்றாக, புத்தகத்தில் பார்த்துப் படிப்பதுபோல நிதானமாகச் சொன்னார்.

மேலே முன்பாய் புடைத்த சத்தம் கேட்டது. புகை தளத்தைவிட்டு மொத்தமாக நழுவிப்போய் பென்ஹாலோவின் படகுகள்மேல் உட்கார்ந்தது. கப்பல் துறைமுகத்தின் பக்கம் மெல்லத் திரும்பியது. தோன் பல்தசார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் திட்டத் தொடங்கினார். இன்னும் இரண்டு பாய்கள் புடைக்கப் பாக்கி இருந்தன.